பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை ‘தெரியவில்லை’ என்று சொல்லும்போது

மதிப்பிற்குரிய பள்ளிக் கல்வித் துறை அலுவலர்களுக்கும் அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும்,

வணக்கம். திருப்பூர் மாவட்டத்து அரசு மேல்நிலைப் பள்ளிகளில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஒவ்வோர் ஆண்டும் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியான சில நாள்களுக்குள், பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பாடப்பிரிவில் சேருவது என்று முடிவு செய்தாக வேண்டியிருக்கிறது. என்ன படிப்பது, என்ன ஆவது என்று இன்னும் பிடிபடாத பிள்ளைகளை அந்தச் சேர்க்கை நாளில் நாம் நடத்தும் முறை மாற வேண்டும் என்று கேட்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

சேர்க்கை நாளில் நடப்பது உங்களுக்குத் தெரியாததன்று. தலைமையாசிரியர் அறைக்கு வெளியே வராந்தாவில் மேசை போட்டிருக்கும். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆதார் நகல் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு, பனியன் கம்பெனியில் அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்த தாயோ தந்தையோ பிள்ளையோடு வரிசையில் நிற்பார்கள். மேசையில் இருக்கும் ஆசிரியர் முதலில் பார்ப்பது 500க்கு எத்தனை என்ற மொத்த மதிப்பெண்ணைத்தான். பிறகு, “எந்த குரூப் கண்ணு எடுக்கறே?” என்று கேட்பார். “தெரியலைங்க சார்” என்று பிள்ளை சொல்லும். ஆசிரியர் தந்தையைப் பார்ப்பார். தந்தை, “நீங்களே பார்த்து நல்லதா ஒண்ணு போட்டு உடுங்க சார்” என்பார். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருக்கும். விண்ணப்பத்தில் பெயரும் முகவரியும் பிள்ளையின் எழுத்தில் இருக்க, பாடப்பிரிவுக்கான கட்டம் மட்டும் ஆசிரியரின் எழுத்தில் நிரம்பும்.

இதில் அந்த ஆசிரியரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு நாளில் அத்தனை பேரைச் சேர்த்து, அத்தனை விவரங்களையும் இணையத்தில் பதிவேற்ற வேண்டிய நிலையில் வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். என் ஆதங்கம் வேறு. “தெரியலைங்க” என்ற அந்தப் பதிலை நாம் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்வதில்லை. படிப்பில் அக்கறை இல்லாத பிள்ளை, விவரம் போதாத பிள்ளை என்று அதற்குப் பொருள் கொண்டு, மதிப்பெண்ணை வைத்து நாமே தீர்த்துவிடுகிறோம். உண்மையில் அந்த வரிசையில் நிற்பவர்களில் நேர்மையாகப் பேசுவது பெரும்பாலும் அந்தப் பிள்ளைதான். டாக்டர், இன்ஜினியர், கலெக்டர் என்று தயங்காமல் சொல்லும் பிள்ளைகளில் பலர் பெரியவர்கள் கேட்க விரும்புவதைச் சொல்லப் பழகியவர்கள்.

தெரிவதற்கு அந்தப் பிள்ளை எதைப் பார்த்திருக்கிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள். எங்கள் ஊரையே எடுத்துக்கொள்கிறேன். தாய் செக்கிங் பிரிவில் இருப்பார், தந்தை ஓவர்லாக் மெஷினில் தைப்பார். பனியன் தொழில் என்றால் அந்த இரண்டு மேசைகள் என்றுதான் பிள்ளைக்குத் தெரியும். அதே தொழிலில், வெளிநாட்டு வாங்குபவரோடு பேசி ஆர்டரின் ஒவ்வொரு கட்டத்தையும் தொடர்ந்து கவனிக்கும் மெர்ச்சண்டைசர் இருக்கிறார். உடுப்பின் அளவுகளைக் காகிதத்திலும் கணினியிலும் வகுக்கும் பேட்டர்ன் மாஸ்டர் இருக்கிறார். வாங்குபவர் அனுப்பிய துணித் துண்டின் நிறத்துக்குச் சரியாகச் சாயக் கலவையைக் கண்டுபிடிக்கும் ஆய்வகப் பணியாளர் இருக்கிறார். வகுப்பில் நான் கற்பித்த அமிலமும் காரமும் அந்த ஆய்வகத்தில் அன்றாடம் புழங்குகின்றன. ஆனால் சாயப்பட்டறையின் சுற்றுச்சுவரை ஒட்டிய தெருவில் வளரும் பிள்ளைகள்கூட உள்ளே அப்படி ஒரு அறை இருப்பதை அறியாமலேயே பத்தாம் வகுப்பை முடிக்கிறார்கள்.

எந்தப் படிப்புக்கு எதிர்காலம் இருக்கிறது என்று பெற்றோர் கேட்கும்போது நம்மில் பலர் உறுதியாகப் பதில் சொல்லிவிடுகிறோம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, சாயத் தொழிலே முடிந்தது என்று ஊர் பேசியது. பின்னர், கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை நம்பியே பட்டறைகள் இயங்கத் தொடங்கின. சவ்வூடு வடிகட்டலும் ஆவியாக்கிகளும் கொண்ட அந்த நிலையங்களில் வேதியியல் படித்தவர்களுக்கும் இயந்திரம் அறிந்தவர்களுக்கும் வேலை இருக்கிறது. மூடப்படுவதற்கு முந்தைய ஆண்டில் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த ஒரு பிள்ளைக்கு இதை முன்கூட்டியே சொல்லியிருக்கக்கூடியவர் யார்? பெரியவர்களான நமக்கே முன்னறிய முடியாததைப் பதினைந்து வயதில் அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

என்ன படிப்பது என்று தெரியாவிட்டால் கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவை எடுத்துக்கொள், எல்லாப் பக்கமும் போகலாம் என்பது ஆசிரியர்கள் வழக்கமாகக் கூறும் அறிவுரை. பொறியியல், மருத்துவம், கால்நடை மருத்துவம், நர்சிங் எல்லாவற்றுக்கும் அந்தப் பிரிவில் இருந்து விண்ணப்பிக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் இதை ஒரே மருந்தாகக் கொடுக்கிறோம் என்பதுதான் என் கவலை. மொழிப்பாடம் இரண்டும் போக கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கும் கடினமான பாடங்கள். செய்முறை வகுப்புகளும் உண்டு. விருப்பம் உள்ள பிள்ளை அந்தச் சுமையைத் தாங்கும். எதில் விருப்பம் என்றே தெரியாத பிள்ளை, பின்னாளில் உதவும் என்ற ஒரே காரணத்துக்காக அதைச் சுமக்கும்போது, காலாண்டுத் தேர்வில் இயற்பியலில் கைவிட்டு, அரையாண்டில் கணிதத்திலும் கைவிட்டு, தனக்குப் படிப்பே வராது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறது. அப்படித் தலைகுனிந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளைகள் என் ஆய்வக வகுப்புகளில் ஒவ்வோர் ஆண்டும் இருந்தார்கள். எல்லா வழியும் திறந்திருக்கட்டும் என்று சேர்த்துவிட்ட பிரிவே, நடக்கும் தெம்பை அவர்களிடமிருந்து பறித்துக்கொண்டது.

இதற்கு நேர்மாறான அநீதியும் அதே மேசையில் நடக்கிறது. மொத்த மதிப்பெண் குறைந்தால் வணிகவியல், மேலும் குறைந்தால் வரலாறு அல்லது தொழிற்பிரிவு என்று பாடங்களுக்கு நாமே ஒரு படிநிலை வகுத்து வைத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் தடுமாறியதால் மொத்தம் குறைந்த பிள்ளைக்குக் கணிதத்தில் நல்ல கை இருக்கலாம். அதைப் பார்க்க மொத்த மதிப்பெண் விடுவதில்லை. சமூக அறிவியலில் உயிரோட்டமாகப் பதில் எழுதிய பிள்ளை, மதிப்பெண் அதிகம் என்பதாலேயே அறிவியல் பிரிவுக்குத் தள்ளப்படுகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பிரிவு படித்தவரும் பட்டயக் கணக்காளர் அடித்தளத் தேர்வை எழுதலாம். ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கும் இன்ன பிரிவுதான் என்ற நிபந்தனை இல்லை. இப்படிப்பட்ட படிப்புகளுக்கு அடித்தளமாகும் வணிகவியலை, மதிப்பெண் குறைந்தவர்களுக்கான ஒதுக்கிடம்போல நடத்துவது அந்தப் பாடத்துக்கும் அதை விரும்பி எடுக்கும் பிள்ளைக்கும் நாம் செய்யும் அவமதிப்பு.

எந்தப் பிரிவு எந்த வழியைத் திறக்கும் என்று சொல்லும் அளவுக்கு, எந்த வழியை அடைக்கும் என்று நாம் வெளிப்படையாகச் சொல்வதில்லை. உயிரியல் இல்லாமல் கணினி அறிவியல் எடுத்தால் பி.எஸ்சி. நர்சிங்குக்கு விண்ணப்பிக்க முடியாது என்பதும், கணிதத்தை விட்டுவிட்டால், தொழிற்பிரிவினருக்கான தனி ஒதுக்கீட்டைத் தவிர, பொறியியல் கலந்தாய்வுக்குப் போக முடியாது என்பதும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வரும் ஜூன் மாதத்தில்தான் பல வீடுகளுக்குத் தெரியவருகிறது. தவறினால் திரும்பி வரும் பாதைகளும் அதேபோல் மறைந்தே கிடக்கின்றன. பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டு டிப்ளமோ படித்தவர் நேரடியாக இரண்டாம் ஆண்டு பொறியியலில் சேரலாம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவரும், இரண்டாண்டு ஐடிஐ படித்தவரும் டிப்ளமோவின் இரண்டாம் ஆண்டில் சேர வழி இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படிக்காதவர் பின்னர் அதைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினாலும் நீட் தேர்வு எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையமே 2023 நவம்பரில் அறிவித்தது. முடிவை மாற்றிக்கொள்ளலாம் என்பதைப் பிள்ளை அறிந்திருந்தால், முடிவெடுக்கும் அந்த நாளின் அச்சம் பாதியாகக் குறையும்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட ‘நான் முதல்வன்’ திட்டம், முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைகளுக்குக் கல்லூரிகளின் பெயர்களையும் நுழைவுத் தேர்வுகளையும் அறிமுகப்படுத்தியிருக்கிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய், கல்லூரிக்கு அனுப்பத் தயங்கிய பெற்றோரின் மனத்தை மாற்றியதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆனால் நான் பார்த்த பள்ளிகளில் இந்த உழைப்பின் பெரும்பகுதி பன்னிரண்டாம் வகுப்பில்தான் செலவாகிறது. போகும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிக்கும் முடிவு அதற்கு இரண்டாண்டு முன்பே வராந்தா மேசையில் எடுக்கப்பட்டுவிடுகிறது.

கிராமப்புற மேல்நிலைப் பள்ளிகள் பலவற்றில் தேர்ந்தெடுப்பதற்கே இடமில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். முதுகலை ஆசிரியர் பணியிடம் இல்லாததால் இரண்டு பிரிவுகள் மட்டுமே நடக்கும் பள்ளியில், நடந்து போகும் தொலைவில் இருக்கிறது என்பதற்காகவே பெண் பிள்ளைகள் சேர்க்கப்படுகிறார்கள். பக்கத்து ஊர்ப் பள்ளியில் வேண்டிய பிரிவு இருந்தாலும், சிறப்பு வகுப்பு முடிந்து திரும்பும் நேரத்துக்குப் பேருந்து இல்லை என்றால் அந்தப் பேச்சு வீட்டில் அதோடு முடிந்துவிடும். இங்கே வழிகாட்டல் மட்டும் பயன்படாது; பணியிடமும் பேருந்தும் வேண்டும். ஒன்றியத்துக்கு ஒரு பள்ளியிலாவது எல்லாப் பிரிவுகளும் இருக்கும்படியும், அந்தப் பள்ளிக்கு மாலை நேரப் பேருந்து ஓடும்படியும் துறை போக்குவரத்துக் கழகத்தோடு பேசி ஏற்பாடு செய்ய வேண்டும்.

என் கோரிக்கைகளில் முதன்மையானது மிகச் சிறியது. சேர்க்கை விண்ணப்பத்தில், பாடப்பிரிவுகளின் பட்டியலுக்குக் கீழே ‘இன்னும் முடிவு செய்யவில்லை’ என்று ஒரு கட்டம் சேருங்கள். அதைக் குறிக்கும் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துக்கொண்டு, எல்லாப் பிரிவுகளுக்கும் பொதுவான தமிழ், ஆங்கில வகுப்புகளோடு தொடங்கி, முதல் இரண்டு வாரங்கள் வெவ்வேறு பிரிவுகளின் பாடவேளைகளில் உட்கார அனுமதியுங்கள். கணக்குப்பதிவியலில் ஒரு பேரேட்டுப் பக்கத்தையும், இயற்பியல் ஆய்வகத்தில் ஒரு செய்முறையையும் நேரில் பார்த்த பிள்ளைக்கு வழிகாட்டிக் கையேடு சொல்லாத ஒன்று விளங்கும். அந்த நாள்களில் ஓர் ஆசிரியர் தனியே உட்கார்ந்து, எந்தப் பாடத்தைப் படிக்கும்போது நேரம் போவது தெரியவில்லை, எதை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது, வீட்டில் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று பேசட்டும். இந்தப் பேச்சு பெற்றோர் இல்லாமல் ஒரு முறையும் பெற்றோரோடு ஒரு முறையும் நடக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம்.

பிரிவை மாற்றிக்கொள்ளக் காலாண்டுத் தேர்வு வரையாவது எல்லாப் பள்ளிகளிலும் ஒரே விதியாக வாய்ப்புக் கொடுங்கள். இப்போது அது பள்ளிக்குப் பள்ளி மாறுகிறது. கேட்கத் துணிந்த பெற்றோரின் பிள்ளைக்குக் கிடைப்பது, கேட்கத் தெரியாதவரின் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. மொத்த மதிப்பெண்ணை மட்டும் வைத்துப் பிரிவு ஒதுக்கக் கூடாது என்று தலைமையாசிரியர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்புங்கள். இடங்கள் குறைவாக இருந்தால் அந்தந்தப் பாடத்தில் பெற்ற மதிப்பெண்ணையும் பிள்ளையின் விருப்பத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். ஒன்பதாம் வகுப்பிலேயே, ஊரில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஆய்வகம், கூட்டுறவு வங்கி, லேத் பட்டறை, சாயப்பட்டறை ஆய்வகம் போன்ற இடங்களுக்குப் பிள்ளைகளைச் சிறு குழுக்களாக அழைத்துச் செல்லுங்கள். அங்கே வேலை செய்பவர் என்ன படித்து வந்தார் என்பதை அவர் வாயாலேயே சொல்லக் கேட்கட்டும். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர்களே பல இடங்களில் இந்தக் கதவுகளைத் திறந்துவிடக் கூடியவர்கள்.

அடுத்த கல்வியாண்டுக்கான விண்ணப்பப் படிவங்கள் தேர்வு முடிவுகள் வருவதற்கு முன்பே அச்சுக்குப் போய்விடும். ஆகவே, ஏனைய கோரிக்கைகளுக்குக் காலம் பிடித்தாலும், அந்த ஒரு கட்டத்தையும், எந்தப் பிரிவு எந்தப் படிப்புகளை அடைக்கும் என்று எளிய தமிழில் சொல்லும் ஒரு பக்கத் தாளையும் இந்த முறையே சேர்த்துவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தாளை எழுதுவதற்கு என்னைப் போன்ற ஓய்வு பெற்ற ஆசிரியர்களின் உதவி தேவைப்பட்டால், சேர்க்கை நாளில் மேசையருகே உட்கார்ந்து பெற்றோரோடு பேச ஆள் தேவைப்பட்டால், ஊதியம் எதுவும் இல்லாமல் வரக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற முதுகலை ஆசிரியர் (வேதியியல்),
திருப்பூர்