ஆங்கில ஆசிரியர் பயிற்சியை வகுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியை நான். எங்களுக்கு நீங்கள் வகுத்துத் தரும் பயிற்சியில் உச்சரிப்பு இருக்கிறது, வாசிப்புத் திறன் இருக்கிறது, மதிப்பெண்ணைக் கணினியில் பதிவேற்றும் முறைகூட இருக்கிறது. வகுப்பறையில் எது சரி, எது தகாது என்று அந்த நிமிடமே முடிவெடுக்க வேண்டிய மனிதராக ஆசிரியரைப் பார்க்கும் ஒரு மணி நேரம்கூட அதில் இல்லை. ஆங்கிலம் ஒரு திறன், நன்னெறி தமிழாசிரியர் பாடு என்ற எண்ணமே இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

எட்டாம் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். இருவர் இருவராக நின்று உரையாடும் பயிற்சி. நண்பனைப் பிறந்தநாளுக்கு வீட்டுக்குச் சாப்பிட அழைக்க வேண்டும். வருகைப் பதிவேட்டு வரிசைப்படி ஜோடி சேர்த்ததில், குடியானத் தெருப் பையன் ஒருவனும், தலித் மக்கள் வாழும் காலனியின் பையன் ஒருவனும் எதிரெதிரே நின்றார்கள். இருவரும் இடைவேளையில் ஒன்றாகக் கபடி ஆடுகிறவர்கள்தான். குடியானத் தெருப் பையன் நலம் விசாரித்தான், பிறந்தநாள் என்றைக்கு என்று சொன்னான். தடங்கல் இல்லை. அழைக்கும் வரி வந்ததும் வாய் நின்றுவிட்டது. வரி தெரியாமல் இல்லை, கரும்பலகையில் எழுதியே இருந்தது. எதிரில் நின்றவன் சற்று நேரம்தான் பொறுத்தான். பிறகு, புத்தகத்தில் இல்லாத ஒன்றை அவனாகவே ஆங்கிலத்தில் சொன்னான்: அன்றைக்கு எனக்கு வேலை இருக்கிறது, வர முடியாது, நன்றி. பிழையே இல்லாத வாக்கியம். அழைப்பு வருமுன்பே மறுத்து, நண்பனைச் சங்கடத்திலிருந்து காப்பாற்ற அந்த வயதிலேயே அவனுக்குத் தெரிந்திருந்தது.

மதிப்பீட்டுப் படிவத்தில் இந்த ஜோடிக்கு என்ன போடுவது? சரளத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது, உச்சரிப்புக்கு ஒன்று, சொல்வளத்துக்கு ஒன்று. மறுத்தவனுக்கு மூன்றிலும் முழு மதிப்பெண் தரலாம். தந்துவிட்டு அடுத்த ஜோடியைக் கூப்பிட்டிருந்தால், ஊர் வழக்கத்துக்கு ஆங்கிலத்திலும் ஒப்புதல் கொடுத்தவள் ஆகியிருப்பேன். கூப்பிடவில்லை. பாத்திரங்களை மாற்றினேன். இப்போது காலனிப் பையன் அழைக்க வேண்டும், மற்றவன் பதில் சொல்ல வேண்டும். அவன் குரல் இறங்கியது, ஆனாலும் அழைத்தான். மற்றவன் என்னைப் பார்த்தான், வகுப்பைப் பார்த்தான், வருகிறேன் என்றான். பாடவேளையின் மீதி நேரம் முழுக்க, நம் ஊரில் யார் வீட்டுக்கு யார் போகலாம், போகக்கூடாது என்று யார் சொன்னது, என்று பேசினோம். தமிழில்தான் பேசினோம். அந்தப் பேச்சுக்கு என் பிள்ளைகளிடம் இன்னும் ஆங்கிலம் போதாது.

தமிழும் ஆங்கிலமும் போதும் என்ற இருமொழிக் கொள்கைத் தீர்மானம் நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது 1968 ஜனவரியில். அதே ஆண்டு டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளுமே அதிகம். அந்த ஊர் எங்களுக்குத் தொலைவில் இல்லை. வீட்டுக்கு அழைப்பது, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது, பெயர் சொல்லிக் கூப்பிடுவது எல்லாம் பாடநூல் எழுதுகிறவருக்கு எளிய மாதிரி வாக்கியங்கள். டெல்டாவில் இவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் ஊர் வழக்கம் இருக்கிறது. அதைக் கண்டும் காணாமல் போகிற ஆசிரியரும் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டவர்தான்.

தமிழில் பேசியதைக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. பார்வைக்கு வருகிற அதிகாரிகளில் சிலர், ஆங்கில வகுப்பில் எங்கள் வாயிலிருந்து எத்தனை தமிழ்ச் சொல் வந்தது என்று கணக்குப் பார்க்கிறார்கள். பல தனியார் பள்ளிகளில் தமிழ் பேசிய பிள்ளைக்கு அபராதம் போடுகிறார்கள், பெயரைப் பலகையில் எழுதுகிறார்கள். இதைக் கற்பித்தல் முறை என்கிறார்கள். நான் அதை அவமதிப்பு என்பேன். வீட்டில் அம்மாவோடு பேசும் மொழிக்குத் தண்டனை வாங்கும் பிள்ளை, ஆங்கிலத்தைவிட முதலில் கற்றுக்கொள்வது அம்மாவைப் பற்றிய வெட்கத்தை. முறை என்று பார்த்தாலும் இது நிற்காது. அச்சமும் பதற்றமும் இரண்டாம் மொழி மனத்துக்குள் இறங்காமல் தடுக்கும் என்று மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன் 1980களிலேயே எழுதிவிட்டார். பயிற்சி வகுப்பில் அவர் பெயரை நீங்களே எங்களுக்குச் சொல்லித் தருகிறீர்கள்.

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. தென்னை போனது, ஓடு போனது, பல நாள் மின்சாரம் இல்லை. பள்ளி திறந்தபின் வந்த தேர்வில் நண்பனுக்குக் கடிதம் எழுதச் சொல்லி ஒரு கேள்வி. விடுமுறையை எப்படிக் கழித்தாய்? பெரும்பாலான பிள்ளைகள் நோட்ஸில் மனப்பாடம் செய்த ஊட்டியை எழுதினார்கள். ஒரு மாணவி மட்டும் நடந்ததை எழுதினாள். கூரை போய்விட்டது, பசு செத்துவிட்டது, அம்மா முகாமில் சமைக்கிறாள். ஒரு வினையும் காலத்தில் நிற்கவில்லை. விடைக்குறிப்பின்படி பார்த்தால் ஊட்டி எழுதியவர்களுக்கே மதிப்பெண் அதிகம். சிவப்பு மையால் அந்தத் தாளைக் கீற எனக்குக் கை வரவில்லை. பிழைகளை அப்படியே விட்டுவிட்டால் அதுவும் அவளுக்குச் செய்யும் துரோகம், பத்தாம் வகுப்பில் அவளைக் காப்பாற்ற யாரும் வரமாட்டார்கள். தாளின் அடியில் பென்சிலால் அவளுக்கு ஒரு பதில் கடிதம் எழுதினேன். உன் கூரை போய்விட்டது என்று அறிந்தேன், உன் பசு இறந்துவிட்டது, உன் அம்மா எத்தனை பேருக்குச் சமைக்கிறார்கள்? அவள் எழுதிய அதே வினைகள், சரியான வடிவத்தில். மறுநாள் அவள் எனக்குப் பதில் எழுதிக்கொண்டு வந்தாள். இறந்தகாலம் பெரும்பாலும் சரியாக வந்திருந்தது.

மதிப்பெண் ஒரு வாழ்க்கையை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பது கும்பகோணத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ராமானுஜன் அங்கே அரசுக் கல்லூரியில் சேர்ந்தது 1904இல். கணிதத்திலேயே மூழ்கிக் கிடந்தவர் ஆங்கிலக் கட்டுரையில் தேறவில்லை, உதவித்தொகை பறிபோனது. ஆகவே இலக்கணம் முக்கியமில்லை என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். சரியாகக் கற்றுக்கொடுப்பதே எங்கள் முதல் அறம். மெல்லக் கற்போர் என்று ஒரு பட்டியல் போட்டு, அவர்களுக்கு மனப்பாடப் பாட்டையும் நாலைந்து கேள்விகளையும் மட்டும் கொடுத்து 35 மதிப்பெண்ணில் கரையேற்றும் வழக்கம் எனக்கு ஆறவே ஆறாத கோபத்தைத் தருகிறது. அந்தப் பட்டியலில் எந்தத் தெருப் பிள்ளைகள் அதிகம் என்று ஒருமுறை பாருங்கள்.

எங்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்களில் பெரும்பாலோர் தமிழ் வழியில் படித்தவர்கள், குடும்பத்தில் ஆங்கிலம் பேசிய முதல் ஆட்கள். பயிற்சிக்கு வருகிறவர் எங்கள் உச்சரிப்பைத் திருத்தும்போது நாங்கள் அரைகுறை என்ற உணர்வோடு திரும்புகிறோம். ஆனால் ஊரில் நாங்கள் வேறு ஆள். சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் பிள்ளையை அனுப்பும் தாய், ஏஜென்ட் கொடுத்த ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு மாலையில் எங்களைத் தேடி வருகிறாள். ஏஜென்ட் வாய்மொழியாகச் சொன்ன சம்பளம் ஒன்றாகவும் காகிதத்தில் இருப்பது வேறாகவும் இருக்கும். கடன் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்பாள். அந்த நேரத்தில் வாயைத் திறப்பதா, மூடுவதா என்பதை எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. நான் சொல்லிவிடுவேன். எல்லோராலும் சொல்ல முடியாது, ஏஜென்டும் அதே ஊர்க்காரர்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் போர்க்காலத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, மாணவர்கள் தங்கள் அமெரிக்கப் பாடநூலின் ஓரங்களில் எழுதியதையும் வரைந்ததையும் எடுத்து ஆராய்ந்தார். பாடம் ஒரு உலகத்தைப் பேச, ஓரம் தங்கள் உலகத்தைப் பேசிக்கொண்டிருந்தது. தமிழராகவே ஆங்கில ஆசிரியராக நின்றதால்தான் அவர் கண்ணுக்கு அந்த ஓரங்கள் பட்டன. எங்களுக்கும் அந்தக் கண் உண்டு. அதைக் குறையாகப் பார்த்துத் திருத்த வேண்டாம், பயன்படுத்துங்கள்.

தயவுசெய்து இதற்குப் பதிலாகப் பாடத்தின் கடைசியில் ஒரு நீதிக்கதையை ஒட்டிவிடாதீர்கள். நான் கேட்பது வேறு. அடுத்த பயிற்சியில் ஒரு பிற்பகலை ஒதுக்கி, நிஜமாக நடந்த சூழல்களை எங்கள் முன் வையுங்கள், நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று ஆசிரியர்களைப் பேசவிடுங்கள். தமிழ்ச் சொற்களை எண்ணுவதை நிறுத்தச் சொல்லுங்கள். மாதிரி உரையாடலை ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள எழுத்தில் அனுமதி கொடுங்கள், வாய்மொழி அனுமதி அடுத்த அதிகாரி வரும்வரைதான் செல்லும். வெளிநாட்டு வேலை ஒப்பந்தத்தை வாசிப்பதை ஒன்பதாம் வகுப்பு வாசிப்புப் பயிற்சியில் சேருங்கள்.

திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் சில ஆசிரியர்கள் சேர்ந்து, வகுப்பில் நேர்ந்த இப்படிப்பட்ட சூழல்களைப் பிள்ளைகளின் பெயரும் ஊரும் நீக்கி எழுதி வைத்திருக்கிறோம். கேட்டால் உடனே அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளி ஆங்கில ஆசிரியை,
திருவாரூர் மாவட்டம்