1942-இல் ஏது விருந்து?

கிருஷ்ணகிரி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. தர்மபுரியில் புளி விலை படுத்துவிட்டதாகப் புலம்பியிருக்கிறாய். இங்கே மாங்காயும் அதே லட்சணம்தான். பெங்களூராவுக்குக் கூழ் ஃபேக்டரியில் கொடுக்கிற விலை பறிகூலிக்கே காணாது. செந்தூரா ஏதோ கைகொடுத்தது. சரி, அதை விடு.

உன் பேரன் வாங்கத் துடிக்கிற குயின் மேரி பயணிகள் கப்பலின் மெனு கார்டுக்கு வருகிறேன். அட்டையில் கப்பல் படம், உள்ளே விருந்துப் பட்டியல், கீழே ரஷ்யப் பியானோ மேதை ராஹ்மானினோவ் கையெழுத்து, 1942 என்று தேதி. கையெழுத்து வரைக்கும் போகவே வேண்டாம், தேதியே காட்டிக்கொடுக்கிறது. அந்தக் கப்பல் முதல் பயணம் கிளம்பியது 1936 மே 27. போர் வந்ததும், 1940-இல் சாம்பல் வண்ணம் பூசிச் சிப்பாய்களை ஏற்ற அனுப்பிவிட்டார்கள். பழையபடி பயணிகளை ஏற்றியது 1947-இல்தான். மனுஷன் 1939-இல் ஐரோப்பாவை விட்டு அமெரிக்கா போனவர், திரும்பி வரவே இல்லை. 1943 மார்ச்சில் கண்ணை மூடிவிட்டார். அப்புறம் எந்த விருந்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்?

கப்பல் காகிதத்தில் எனக்கு இவ்வளவு பைத்தியம் இதனால்தான். வெறும் போட்டோவில் யார் வேண்டுமானாலும் கிறுக்கலாம். அந்தக் கால மெனுவில் கப்பல் பெயரும் தேதியும் அச்சிலேயே இருக்கும். பயணிகள் பட்டியலையும் அச்சடித்துக் கொடுப்பார்கள். இரண்டையும் ஒத்துப்பார்த்தால் புளுகு நிற்காது.

மாலுமிகளின் குடும்ப நிதிக்காகக் கப்பலிலேயே கச்சேரி வைக்கிற வழக்கமும் அப்போது இருந்தது. கூடப் பயணம் செய்கிற வித்வான்களைப் பிடித்து வாசிக்க வைத்து, நிகழ்ச்சி நிரலில் கையெழுத்து வாங்கி ஏலம் விடுவார்கள். என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது: யாரென்றே தெரியாத ஒரு பாடகி, ஊதா மை, ஓரத்தில் காபிக் கறை. யார் கேட்டாலும் கொடுக்க மாட்டேன்.

இசையமைப்பாளர் மாலர் 1911 ஏப்ரலில் நோயோடு நியூயார்க்கிலிருந்து 'அமெரிக்கா' கப்பலில் ஊர் திரும்பினார். பியானோ வித்வான் புசோனியும் அதே கப்பலில். அடுத்த மாதமே வியன்னாவில் மாலர் இறந்தார். அந்தப் பயணத்தின் பயணிகள் பட்டியல் மட்டும் கிடைக்கட்டும், தோப்பை விற்றாவது வாங்குவேன். உன் தங்கச்சி காதில் போட்டுவிடாதே.

பேரன் வேறு கார்டு பார்த்தால் முதலில் பூதக்கண்ணாடியில் பார்க்கச் சொல். கையெழுத்து புள்ளிபுள்ளியாகத் தெரிந்தால் அது அச்சு. நல்லது கிடைத்தால் லேமினேஷன் மட்டும் வேண்டாம், பாழாகிவிடும். இந்தக் குயின் மேரி கார்டுக்கு முன்பணம் கட்டியிருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேட்கட்டும்.

அன்புடன்,
உன் மச்சான்