ஷாக் அப்சார்பர் இப்போ வாங்காத மாப்ள

மாப்ள,

உன் மெயில் நேத்து ராத்திரிதான் படிச்சேன். அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுல ரொம்ப நிம்மதி, சொட்டு மருந்து மட்டும் நேரம் தவறாம போடச் சொல்லு, குனிஞ்சு எதையும் தூக்க விடாத. இங்க எல்லாரும் சௌக்கியம். பொண்ணு இந்த வருஷம் ஸ்கூல் முடிக்கிறா, மியூனிக்லயே படிக்கிறதா வேற ஊருக்குப் போறதான்னு வீட்ல தெனமும் அதே பேச்சு.

சரி, உன் கார் விஷயத்துக்கு வரேன். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்ல 120 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் ஒரு குறையும் இல்ல, 150 தாண்டினா ஸ்டியரிங் லேசாயிடுது, வேகமான வளைவுல ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா பின்பக்கம் தனியா கிளம்புதுன்னு எழுதியிருக்க. இதுல ரெண்டு விஷயம் கலந்து கெடக்குடா. ஸ்டியரிங் லேசாகறது முன்பக்கத்து சமாச்சாரம், காலை எடுத்தா வால் போறது பின்பக்கத்து சமாச்சாரம். ரெண்டையும் ஒண்ணா சேத்து "வண்டி ஆடுது"ன்னு சொன்னா எந்த வொர்க்‌ஷாப்பும் நாலு ஷாக் அப்சார்பரையும் மாத்துன்னுதான் சொல்லும். ஷாக் போயிருந்தா ஒரு மேடு ஏறி இறங்கின பிறகும் வண்டி குதிச்சுக்கிட்டே இருக்கும், இல்ல ஆயில் கசிஞ்சிருக்கும். நீ சொன்னதுல அது எதுவுமே இல்ல. அவ்ளோ காசு போடாத, கொஞ்சம் பொறு.

வேகத்துல மட்டும் ஏன் வருதுன்னு கேட்டிருந்த. காத்தோட விசை வேகத்தோட வர்க்கத்துல ஏறும், 80ல இருக்கிறத விட 160ல நாலு மடங்கு, அதனால ஊருக்குள்ள ஓட்டும்போது இல்லாத ஒரு தூக்கல் அங்க வந்துடும். இன்னொன்னு இதைவிட முக்கியம். வண்டி கொஞ்சம் திரும்பி ஆடினா டயர் அந்த ஆட்டத்தை தானாவே அடக்கும் இல்லையா, அந்த அடக்குற சக்தி வேகம் ஏற ஏற குறையும். அதுலயும் பின் டயரோட பிடி அது சுமக்குற எடைக்குப் போதலன்னா அந்த வண்டிக்குன்னு ஒரு எல்லை வேகம் வந்துடும், அதுக்குக் கீழ சுறுசுறுப்பா ஆசையா ஓட்டலாம், அதுக்கு மேல நேர் ரோட்லயே நிக்காது. பட்டத்துக்கு வால் எதுக்கோ அதுக்குத்தான் பின் டயர்.

ஆடி டிடி ஞாபகம் இருக்கா, ஹாஸ்டல் ரூம்ல படம் ஒட்டி வெச்சிருந்தோமே. 1998ல வந்த அந்த முதல் மாடல்ல பின்னாடி ஸ்பாய்லரே கிடையாது, வழவழன்னு உருண்டு இறங்கும். ஜெர்மனி ஹைவேயான ஆட்டோபான்ல 180க்கு மேல போறப்ப சட்டுனு லேன் மாத்தினாலோ வளைவுல காலை எடுத்தாலோ பின்பக்கம் போய் விபத்து ஆச்சு, உயிரும் போச்சு. அப்புறம் வண்டிகளைத் திரும்பக் கூப்பிட்டு பின்னாடி சின்னதா ஒரு ஸ்பாய்லர், வண்டி சறுக்கினா தானாவே பிரேக் போட்டு அடக்குற இஎஸ்பி, சஸ்பென்ஷன்ல மாத்தம்னு மூணையும் சேத்துப் போட்டாங்க. அவ்ளோ பெரிய கம்பெனிக்கே ஒரு காரணம் ஒரு மருந்துன்னு முடியல பாரு.

என் வண்டிக்கும் இதே மாதிரி ஒண்ணு வந்துச்சு, உனக்கு எழுதவே இல்ல. ரெண்டு சீட்டு, ரியர் வீல் டிரைவ், இருபது வருஷ வண்டி. நியூரம்பெர்க் போற ஏ9 ஆட்டோபான்ல வேக லிமிட் இல்லாத இடத்துல 170 பக்கம் போய்க்கிட்டிருப்பேன், லாரியைத் தாண்டினதும் காத்து பக்கவாட்டுல அடிக்கும், ஸ்டியரிங்க நேராத்தான் பிடிச்சிருப்பேன் ஆனா பின்னாடி நகர்ந்துட்டு அப்புறம் மெதுவா வந்து சேரும், முதுகுல தெரியும். சக்கரக் கோணங்களை அளந்து குடுக்குற அலைன்மென்ட் ஷீட் பாத்தா எல்லாம் பச்சை, அதாவது அளவுக்குள்ளதான். கடைசில ஒரு பழைய மெக்கானிக், வண்டியோட எடை சக்கரத்து மேலயே இருக்கிற லிஃப்ட்ல ஏத்தி, பின் சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற ஆர்மோட புஷ்ல, அதாவது ரப்பர் மூட்டுல, நெம்புகோலை விட்டு நெம்பினார். வெளிய இருந்து பாத்தா ரப்பர் நல்லாத்தான் இருந்துச்சு, நெம்பினதும் உள்ள இருக்கிற உலோகக் குழாய விட்டுப் பிரிஞ்சு வாயைத் திறந்துச்சு, ஆர்ம் மொத்தமும் நகருது. வண்டி நிக்கிறப்ப டோ, அதாவது சக்கரம் உள்ளயா வெளியவா பாக்குதுங்கற கோணம், சரியாத்தான் இருக்கும், ஆனா காலை எடுத்ததும் சக்கரம் பின்னாடி இழுபட்டு லேசா வெளிப்பக்கம் பாத்துத் திரும்பிடும். டிகிரில பாதி கூட வேண்டாம், சில மினிட் (ஒரு டிகிரில அறுபதுல ஒரு பங்கு) போதும், அந்த வேகத்துல பின் சக்கரம் டோ அவுட் ஆனா வண்டிய யாராலயும் நம்ப முடியாது. புஷ் மாத்தி அலைன்மென்ட் திரும்ப வெச்சாங்க, அதோட போச்சு. அதனாலதான் உன் காலை எடுக்கிற கதையைப் படிச்சதும் முதல்ல அதுதான் எனக்குத் தோணுச்சு.

ஆனா அதுக்கும் முன்னாடி டயரைப் பாரு. பக்கச் சுவர்ல டாட்னு (DOT) ஆரம்பிக்கிற வரிசையில கடைசி நாலு நம்பர், 2316ன்னா 2016ல 23வது வாரம் செஞ்சது. முன்னாடி புதுசு பின்னாடி பழசுன்னு இருந்தாலோ, முன்னாடி ஒரு கம்பெனி பின்னாடி வேற கம்பெனின்னு இருந்தாலோ பின்பக்கம் போறதுக்கு அதுவே போதும். பிரஷரை காலைல டயர் ஆறியிருக்கிறப்ப பாரு, அப்புறம் டிராக்ல நாலு ரவுண்டு போயிட்டு வந்து சூட்டோட பாரு, ரெண்டையும் எழுதி வை, சென்னை வெயில்ல எவ்ளோ ஏறுதுன்னு பாத்தா ஆச்சரியப்படுவ. பிரஷர் தானேன்னு நெனைக்காத. 1960 மாடல் ஷெவர்லே கோர்வேர், இன்ஜின் பின்னாடி இருக்கிற வண்டி, அதுக்கு முன் டயர்ல 15 பிஎஸ்ஐ பின் டயர்ல 26 பிஎஸ்ஐன்னு கம்பெனியே போட்டிருந்துச்சு, அந்த வித்தியாசம்தான் அதோட வாலை அடக்கி வெச்சிருந்துச்சு. நாலுலயும் ஒரே பிரஷர் அடிச்சுட்டா வண்டியோட குணமே மாறிடும்.

ஸ்டியரிங் லேசாகறதுக்கு வண்டியைத் தாழ்த்த நீ போட்ட லோயரிங் ஸ்பிரிங் மேலதான் எனக்கு சந்தேகம். பின்னாடி அதிகமா இறங்கி மூக்கு தூக்கிட்டு நிக்குதான்னு ஜாக் வைக்கிற இடத்துல இருந்து தரை வரைக்கும் டேப் வெச்சு நாலு பக்கமும் அள. காஸ்டர், அதாவது முன் சக்கரம் திரும்புற அச்சோட சாய்வு, எவ்ளோன்னும் அலைன்மென்ட் ஷீட்ல இருக்கும். மேடு பள்ளத்துல வண்டி தானா ஒரு பக்கம் பாய்ஞ்சா ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கிற டை ராட் கோணம் மாறியிருக்கும், தாழ்த்தின வண்டிகள்ல அது வழக்கம்தான்.

அலைன்மென்ட் செய்யும்போது டிரைவர் சீட்ல உன் எடைக்கு மூட்டை வெச்சு அரை டேங்க் பெட்ரோலோட செய்யச் சொல்லு. ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாத்தம், அது என்ன பண்ணுச்சுன்னு தெரிஞ்ச பிறகு அடுத்தது. புஷ் பாக்குற வரைக்கும் 120 தாண்டாத, ஈசிஆர்ல டெஸ்ட் பண்றேன்னு கிளம்பாத, இதை மட்டும் எனக்காகக் கேளு. டிராக்லயும் அந்த வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சுட்டு உள்ள போ, நடுவுல காலை எடுக்காத.

ஷீட்டையும் நாலு டயர் பக்கச் சுவரையும் போட்டோ எடுத்து அனுப்பு, ஞாயித்துக்கிழமை உக்காந்து பாக்குறேன். டிசம்பர் கடைசில வரேன், பொங்கல் வரைக்கும் இருப்பேன், நெம்புகோல் ஒண்ணு வாங்கி வை. அம்மாவைக் கேட்டதா சொல்லு.