ஆறு மணிக்கு ஒரு பஸ்: கல்லூரி நிர்வாகத்தாருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். பேஸ்பால் மாதிரியான சாஃப்ட்பால் ஆட்டத்தில், அடிப்பவளுக்குப் பின்னால் நின்று பந்து பிடிப்பவள் கேட்சர். உங்கள் மகளிர் அணியின் கேட்சருக்கு அப்பா நான். பேரணாம்பட்டில் வீடு, ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைக்கிறேன். கோப்பையோடு பிள்ளைகள் நிற்கும் ஃபிளக்ஸை வேலூரில் கல்லூரி வாசலில் பார்த்தேன். நன்றி. படத்தில் 11 பேர். ஆரம்பத்தில் மைதானத்துக்கு வந்தவர்கள் 16 பேர். மீதி ஐந்து பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இறுதி ஆட்டத்துக்கு நிர்வாகத்திலிருந்து யாரும் வரவில்லை என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். (குறை சொல்லவில்லை. சரி, கொஞ்சம் குறைதான்.) கடைசி இன்னிங்ஸ், அதாவது ஏழாவது. நாம் 4, அவர்கள் 3. ஒருத்தி அவுட், மூன்றாவது பேஸில் ஒரு பெண் நிற்கிறாள். அடித்த பந்து உயரமாக சென்டருக்குப் போனது, நம் பிள்ளை பிடித்துவிட்டாள். கிரிக்கெட் பார்த்தே வளர்ந்த நான் எழுந்து கைதட்டினேன். பக்கத்தில் இருந்தவர், "உட்காருங்க, அவ ஓடுறா பாருங்க" என்றார். பந்து கிளவ்ஸில் படும்வரை பேஸை விடாமல் இருந்தால், கேட்சுக்கு அப்புறமும் ஓடலாமாம். என் மகள் நிற்கும் ஹோம் பேஸுக்கு 60 அடி தூரம்தான், தொட்டுவிட்டால் ஒரு ரன், ஸ்கோர் சமம். சென்டரிலிருந்து வந்த பந்து தரையில் ஒருமுறை குத்தி என் மகளிடம் வந்தது. ஓடிவந்தவளைப் பந்தோடு குனிந்து தொட்டாள். புழுதிக்குள் அம்பயர் கை முஷ்டி உயர்ந்து, மூன்றாவது அவுட்டோடு ஆட்டம் முடிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அந்த எறி சும்மா வந்துவிடவில்லை. லீகில் இதேபோன்ற எறி கேட்சரைத் தாண்டிப் போய், ஒரு ரன்னில் தோற்றோம். வகுப்பு முடிவது மூன்றரைக்கு, காலேஜ் பஸ் கிளம்புவது நாலேகாலுக்கு. நடுவில் வேலூர் வெயில். அந்த நேரத்தில் தூரத்திலிருந்து எறிந்து எப்படிப் பழகுவது? தோற்ற பிறகு பிள்ளைகள் பஸ்ஸை விட்டுவிட்டு ஆறு மணிவரை இருந்தார்கள். என் மகள் குடியாத்தத்தில் பஸ் மாறி வீடு சேர எட்டரை, ஒன்பது ஆகும். நான் எக்ஸ்எல்லோடு பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். எல்லா வீட்டிலும் அப்படி நிற்க ஆள் இல்லை. இருட்டிய பிறகு வரவேண்டாம் என்று சொன்ன வீடுகளை நான் குறை சொல்லமாட்டேன். ஒவ்வொருத்தியாக ஐந்து பேர் விளையாட வருவதை நிறுத்திவிட்டார்கள். அதில் ஒருத்தி நம் முதல் பிட்சர், அதாவது அடிப்பவளுக்குப் பந்து எறிபவள். 43 அடியிலிருந்து கையைச் சுழற்றிக் கீழ்வாக்கில் அவள் விடும் பந்தை வாங்கி, என் மகளின் உள்ளங்கை சிவந்திருக்கும்.

இன்னொன்று. சென்டரில் நின்ற பிள்ளை இடதுகைக்காரி. தோலுக்குப் பேர்போன இந்தப் பக்கத்தில் அவள் கைக்கு ஒரு கிளவ்ஸ் இல்லை. மற்றவர்கள் இடக்கையில் போடுவதை வலக்கையில் மாட்டிக்கொண்டு, சுண்டுவிரல் இடத்தில் கட்டைவிரலை நுழைத்துத் திண்டாடினாள். பழைய கிளவ்ஸ் ஒன்றைப் பிரித்து, அச்சு எடுத்து, மாற்றி வெட்டி நானே தைத்தேன். விரலிடுக்கு வலை மூன்று தடவை பிய்ந்தது. அதையெல்லாம் உங்களிடம் கேட்கவில்லை. கிளவ்ஸ் நான் தைத்துவிடுவேன், பஸ் தைக்க முடியாதே.

நாலேகால் பஸ்களில் ஒன்றே ஒன்றை, வாரம் மூன்று நாள், ஆறு மணிக்குக் குடியாத்தம் வழியாக விடுங்கள். பேட்டா கொடுத்தால் வரத் தயார் என்கிறார் டிரைவர். லேப் முடித்து நிற்கும் பிள்ளைகளும் ஏறிக்கொள்வார்கள். பிட்சர் வீடும் அந்த வழிதான். பஸ் உண்டென்றால் அனுப்புகிறோம் என்று அவள் அம்மா சொல்லிவிட்டார்.

பாராட்டு விழா மேடையில், சத்துவாச்சாரியிலிருந்து போய் 2014, 2018 காமன்வெல்த்தில் பளுதூக்கித் தங்கம் வென்ற சதீஷ் சிவலிங்கத்தைச் சொன்னீர்கள். 2028 ஒலிம்பிக்கில் சாஃப்ட்பால் திரும்ப வருகிறது என்றும் சொன்னீர்கள். அவ்வளவு தூரம் இப்போது வேண்டாம். குடியாத்தம் வரை போதும்.

இப்படிக்கு,
கேட்சரின் அப்பா,
பேரணாம்பட்டு