ஹீமோஃபிலியா மூட்டில் ஊசி வைக்கும் முன்: அக்குபங்சர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் அக்குபங்சர் பார்க்கும் அனைவருக்கும், உங்கள் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

ரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோயான ஹீமோஃபிலியா உள்ள ஒருவன் எழுதுகிறேன். உங்கள் முறை சரியா தவறா என்று வாதம் செய்ய வரவில்லை. எங்களில் பலர் உங்களிடம் வருகிறோம், அதுவும் ரத்தவியல் டாக்டரிடம் சொல்லாமல். சொன்னால் திட்டு விழும் என்ற பயம்தான்.

ஏன் வருகிறோம் என்று கேட்டால், வேறு வழி குறைவு. நடுத்தர வயதைத் தாண்டிய எங்களுக்குச் சின்ன வயதில் ஃபேக்டர், அதாவது எங்கள் ரத்தத்தில் குறைவாக உள்ள உறைய வைக்கும் புரதத்தை ஊசி வழியாக ஏற்றும் மருந்து, சரியாகக் கிடைக்கவில்லை. இன்று அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. அன்று ஐஸ் வைத்துக்கொண்டு படுத்திருந்ததுதான் வைத்தியம். முழங்கால், கணுக்கால், முழங்கை மூட்டுகளுக்குள் திரும்பத் திரும்ப ரத்தம் கசியும். அந்த ரத்தத்தில் உள்ள இரும்பு மூட்டுச் சவ்வில் படிந்து, சவ்வு தடித்து, குருத்தெலும்பை அரித்துவிடும். அப்படிக் கெட்டுப்போன மூட்டு தினமும் வலிக்கும். ஊரே வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் எங்களுக்கு ஆகாது. தட்டணுக்களின் வேலையைக் கெடுக்கும், வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கும். மிஞ்சுவது பாராசிட்டமால், டாக்டர் பார்த்துக் கொடுத்தால் செலிகாக்சிப் அல்லது டிரமடால், பிறகு பிசியோதெரபி, கடைசியாக மூட்டு மாற்று அறுவை. இந்த நிலையில் ‘மருந்தில்லா மருத்துவம்’ என்ற பலகையைப் பார்த்தால் உள்ளே போகத்தான் தோன்றும்.

போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வெளிநாடுகளில் ஹீமோஃபிலியா நோயாளிகளுக்குச் சிறு குழுக்களாக அக்குபங்சர் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். வலி குறைந்தது என்று சொன்னவர்களும் உண்டு. அதை வைத்துப் பெரிதாக எதையும் உறுதிசொல்ல முடியாது. ஆனால் கதவைச் சாத்தவும் தேவையில்லை. உங்கள் ஊசி கால் மில்லிமீட்டர் பருமன்தான், நாங்கள் ஃபேக்டர் ஏற்றும் ஊசி அதைவிடத் தடிமன்.

பருமனைவிட ஆழம்தான் பிரச்சினை. கையில் ரத்தக்குழாயில் குத்தினால் அழுத்திப் பிடித்து ரத்தத்தை நிறுத்தலாம். புட்டத்தில் ஜிபி 30 என்ற அக்குபங்சர் புள்ளியில் ஆழமாக இறக்கினால் எதை அழுத்துவீர்கள்? கெண்டைக்காலிலோ முன்கையிலோ தசைக்குள் ரத்தம் கட்டினால் நரம்பு நசுங்கி, கை கால் செயலிழக்கும் அளவுக்குப் போகலாம். ஊசி வேண்டாம், விரலால் அழுத்துகிறேன் என்பதும் காப்பாற்றாது. ஆழமாக அழுத்தினாலும் தசைக்குள் கசியும். ரத்தம் எடுக்கும் கப்பிங் பக்கமே எங்களைக் கூட்டிப் போகாதீர்கள்.

என் பெரிய பயம் இதெல்லாம் இல்லை. ‘கழிவு வெளியேறுகிறது’ என்கிறீர்களே, அதுதான். சிகிச்சைக்குப் பிறகு வீக்கம், சூடு, வலி கூடினால் உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்கிறது, பொறுத்திருங்கள், மாத்திரை போடாதீர்கள் என்று உங்களில் பலர் சொல்வதுண்டு. மற்றவர்களுக்கு அது எப்படியோ. எங்களுக்கு வீங்கிச் சூடான மூட்டு என்றால் உள்ளே ரத்தம் கசிகிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். பொறுத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூட்டைத் தின்னும்.

எங்கள் வலி இரண்டு வகை. பழைய மூட்டு வலி காலையில் விறைப்பாகத் தொடங்கும், நடந்தால் கூடும், உட்கார்ந்தால் தணியும். அதில் நீங்கள் ஏதாவது செய்ய முடியலாம். ப்ளீடிங் வலி வேறு. முதலில் ஒரு குறுகுறுப்பு, ஒரு இறுக்கம். அப்புறம் வீங்கி, மடக்க முடியாமல் போகும். அன்றைக்கு ஊசியும் வேண்டாம், மூலிகையை எரித்துக் கொடுக்கும் மோக்ஸா சூடும் வேண்டாம். ஃபேக்டர்தான். நாள்பட்ட நோயாளிக்கே சில சமயம் இரண்டும் குழம்பும். சந்தேகம் வந்தால் முதலில் ஃபேக்டர் என்பதுதான் எங்கள் பழக்கம். அதை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

நாடி பார்த்து ஃபேக்டர் அளவைச் சொல்ல முடியாது. அளவு இயல்பானதில் 1 சதவீதத்துக்கும் கீழே இருப்பவருக்கு நோய் இருப்பது தெரிந்திருக்கும். 5 முதல் 40 வரை இருக்கும் லேசான வகைக்காரருக்குத் தெரியாமலே போகலாம். ரத்தம் சரியாக உறையாத இன்னொரு பரம்பரை நோயான வான் வில்பிராண்ட் நோய் உள்ள பெண்களும் அப்படித்தான், அதிக உதிரப்போக்கைக் குடும்ப வாகு என்று விட்டிருப்பார்கள். ஆகவே வாய்விட்டுக் கேளுங்கள்: பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்கத் தாமதமானதா, காரணமில்லாமல் உடம்பில் கன்றிப்போகிறதா, தாய்வழி மாமன்களில் யாருக்காவது இப்படி இருந்ததா? ‘ஆமாம்’ என்று வந்தால் அன்று ஊசி வேண்டாம், ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

நோய் தெரிந்தவர் வந்தால் அவருடைய ரத்தவியல் டாக்டரின் எழுத்துச் சம்மதம் கேளுங்கள். ஹீமோஃபிலியா ஏ வகைக்கு ஏற்றும் ஃபேக்டர் 8 சுமார் 12 மணி நேரத்தில் உடலில் பாதியாகிவிடும். போன வாரம் போட்டேன் என்பவரை நம்பி ஊசி வைக்க முடியாது. எந்த நாளில், ஃபேக்டர் ஏற்றி எவ்வளவு நேரத்துக்குள் என்பதை அந்த டாக்டரே சொல்லட்டும். ஊசி புதிதாக, ஒருமுறை மட்டும் பயன்படுவதாக இருக்கட்டும். 1980-களில் ரத்தத்திலிருந்து தயாரித்த மருந்து வழியாக எச்ஐவியும் ஹெபடைடிஸும் வாங்கிய சமூகம் நாங்கள், இதில் சமரசம் இல்லை. ஊசி எடுத்த இடத்தைத் தேய்க்காமல், பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்.

எங்கள் டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை: அக்குபங்சர் என்றதும் கத்தாதீர்கள், மறைக்க ஆரம்பித்துவிடுவோம்.

2019-ல் மத்திய அரசு அக்குபங்சரைத் தனிச் சிகிச்சை முறையாக அங்கீகரித்தது. அதற்காக நெடுநாள் போராடியவர்கள் நீங்கள். அந்த அங்கீகாரத்தோடு ஒரு பொறுப்பும் வந்திருக்கிறது. நீங்கள் நடத்தும் டிப்ளமோ வகுப்புகளில் ரத்தம் உறையாத நோய்களுக்கு ஒரு பாடம் வையுங்கள். முதல் வருகைப் படிவத்தில் மேலே சொன்ன கேள்விகளை அச்சிடுங்கள். பாடம் எடுக்க ஆள் வேண்டுமென்றால் எங்கள் ஹீமோஃபிலியா சங்கத்தினர் வருவார்கள். வரும்போது பழைய எக்ஸ்ரேக்களையும் எடுத்து வரச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஹீமோஃபிலியா ஏ உள்ள ஒருவன்