தேசிய அரசாங்கம் என்றால் எதிரே யார்?

ஆசிரியருக்கு,

இலங்கையில் நெருக்கடி வந்தால் போதும், எதிரெதிர்க் கட்சிகள் சேர்ந்து ஆளும் தேசிய அரசாங்கம் பற்றிய பேச்சு கிளம்பிவிடுகிறது. 2015இல் அதையும் பார்த்துவிட்டோமே. அரசியலமைப்பின் 19ஆவது திருத்தம் அமைச்சரவைக்கு 30 பேர் என்று வரம்பு போட்டது. தேசிய அரசாங்கத்துக்கு மட்டும் விலக்கு. உடனே 48 பேர் வரை போகலாம் என்று நாடாளுமன்றம் அனுமதித்தது! ஐக்கிய தேசியக் கட்சி, சுதந்திரக் கட்சி என இரண்டு பெரிய கட்சிகளும் ஒரே பக்கம் சேர, 16 ஆசனங்கள் கொண்ட தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் இரா. சம்பந்தன் எதிர்க்கட்சித் தலைவரானார். நமக்குப் பெருமைதான், சரி. ஆனால் 16 பேர் எவ்வளவுதான் தட்டிக்கேட்க முடியும்? முன்னாள் ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷவின் அணி ‘கூட்டு எதிரணி’ என்று தனியே நின்றது வேறு கதை.

2022 ஏப்ரலில் அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ அமைச்சுப் பதவிகளுக்கு அழைத்தபோது எதிர்க்கட்சிகளான ஐக்கிய மக்கள் சக்தியும் ஜே.வி.பி.யும் மறுத்தன. வீண் பிடிவாதம் என்று அன்று நானும் ஏசினேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

ஒரு வாசகர்,
திருகோணமலை