தற்காலிக மாற்றம் எந்த வட்டத்தில்?

டேய் நண்பா,

நான்கு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை, மன்னித்துவிடு. இங்கே எல்லோரும் நலம். என் எழுத்தைத் திருத்தும் நம் பெரியவரும் நலம்தான், சிவப்புப் பேனாவை இன்னும் கீழே வைக்கவில்லை.

அணுமின் நிலையத்துக் கான்ஃபிகரேஷன், அதாவது நிலையத்தின் அமைப்பு பற்றிய சொற்களை ஒழுங்குபடுத்தும் வேலையில் மாட்டிக்கொண்டேன். அகர வரிசையில் அடுக்கிவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். முதல் கூட்டத்திலேயே 'கான்ஃபிகரேஷன்' என்ற சொல்லே தகராறு செய்தது. வடிவமைப்புக்காரர்களுக்கு அது வரைபடமும் கணக்கீடும், உன்னைப்போல் ஷிஃப்டில் நிற்பவர்களுக்கு இந்த நிமிடம் எந்த வால்வு திறந்திருக்கிறது என்பது. ஒரு மணி நேரம் தலையாட்டிக்கொண்டே ஆளுக்கொன்றைப் பேசினார்கள்.

வெறும் சொல் சண்டை என்பாய். 1979-இல் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலைய விபத்தில் அவசர நீர் பம்புகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன, திறந்தே இருக்க வேண்டிய இரண்டு வால்வுகள் மூடிக்கிடந்தன, அதைக் கவனிக்க 8 நிமிடம் ஆனது. எது இருக்க வேண்டும், எது இருக்கிறது என்ற இரண்டுக்கும் ஒரே பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அதனால் நம் பழைய மூன்று வட்டத்துக்கே திரும்பிவிட்டேன்: நிலையம் எப்படி இருக்க வேண்டும், எப்படி இருப்பதாகக் காகிதம் சொல்கிறது, உண்மையில் எப்படி இருக்கிறது. எந்தச் சொல் வந்தாலும் முதலில் அதன் வட்டத்தைக் கேட்கிறேன். பாதிப்பேர் டிசைன் பேசிஸையும் டிசைனையும் ஒன்றாகவே எழுதுகிறார்கள். அமெரிக்க விதி 10 சிஎஃப்ஆர் 50.2 தெளிவாகத்தான் சொல்கிறது: கருவி செய்ய வேண்டிய வேலை, அதற்கு எல்லையாக வைத்த அளவுகள், அதுதான் பேசிஸ். விபத்து நேரத்தில் பம்பு இவ்வளவு அழுத்தத்தை எதிர்த்து இவ்வளவு நீரைத் தள்ள வேண்டும் என்பது பேசிஸ், மோட்டாரின் மாடல் அதிலிருந்து வந்தது. இரண்டையும் குழப்பி வைத்தால், பத்து வருடம் கழித்து மோட்டாரை மாற்ற வருகிறவன் எதைத் தொடக்கூடாது என்று எப்படித் தெரிந்துகொள்வான்?

சரி, உன்னிடம் கேட்க வந்தது வேறு. 'தற்காலிக மாற்றம்' என்ற சொல் என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு ஜம்பர் ஒயர், இரண்டு முனைகளைத் தற்காலிகமாக இணைக்கும் கம்பி, மாதக்கணக்கில் மின் பேனலில் இருக்கிறது, மூல வரைபடத்தில் அது இல்லை. பெரியவர் காகித வட்டத்தில் போடு என்கிறார். அது எந்த வட்டத்துக்கும் சொந்தமில்லை, காகிதத்துக்கும் பேனலுக்கும் நடுவே நாமே தெரிந்து அனுமதித்த இடைவெளியின் பெயர் என்று நான் நினைக்கிறேன். எப்போது கழற்றுவது என்ற தேதி அந்த வரையறைக்குள்ளேயே இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை கூட்டம். அதற்குள் பதில் போடு. ஜம்பரைக் கையால் போட்டுக் கையால் கழற்றியவன் நீ, நீ சொன்னால் பெரியவர் கேட்பார்.